விபத்துக்குப் பின் கட்டிலருகே: உடனிருக்கும் உறவினர்களுக்கு

உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் பின்னிரவில் நிகழும் மோதலாக இருக்கலாம். கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வளைவொன்றில் கவிழ்ந்த சரக்கு வண்டியாக இருக்கலாம். பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றி நின்ற டிராக்டரில் இருசக்கர வாகனம் மோதியிருக்கலாம். எவ்வாறாயினும், 108 ஊர்தி எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் வந்து நிற்கும்போது காயமுற்றவருடன் உறவினர் ஒருவர் இறங்குகிறார். பெரும்பாலும் அவர் காலில் செருப்பு இருப்பதில்லை. கைப்பேசியில் சார்ஜ் இருப்பதில்லை. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஒப்புதல் கையெழுத்து, இரத்தம், காப்பீட்டு அட்டை எனப் பல திசைகளிலிருந்து அவரிடம் கேள்விகள் வந்து குவிகின்றன. இந்தக் கட்டுரையை அவருக்காகவே எழுதுகிறோம்.

அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உடல் தேறுவதற்கோ வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். அக்காலத்தில் மருத்துவர் கட்டிலருகே நிற்பது நாளொன்றுக்குச் சில நிமிடங்களே. செவிலியருக்குப் பல கட்டில்கள் உண்டு. இருபத்துநான்கு மணி நேரமும் அருகில் இருப்பவர் உறவினர்தான். அவர் சரியாகச் செய்யும் சிறிய செயல்கள் நோயாளியைக் காக்கின்றன. அன்பினால் தவறாகச் செய்யும் சில செயல்கள், நன்றாக முடிந்த அறுவை சிகிச்சையையும் கெடுத்துவிடுகின்றன. இரண்டையும் நாங்கள் அன்றாடம் காண்கிறோம்.

முதல் இரண்டு நாட்கள்

பணத்தைப் பற்றிய அச்சம் முதலில் நீங்கட்டும். 2021 டிசம்பர் 18 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, தமிழ்நாட்டின் சாலைகளில் விபத்துக்குள்ளான எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் இணைந்த அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவரும், பிற மாநிலத்தவரும் இதில் அடங்குவர். அந்த 48 மணி நேரத்துக்குள், வீட்டிலிருக்கும் ஒருவர் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்து வரட்டும். அட்டை இல்லையெனில் எங்கள் காப்பீட்டுப் பிரிவு அலுவலரை அன்றே அணுகுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு உரிய திட்டம் அது. வருமானச் சான்று பெறுவதற்குக் கிராம நிர்வாக அலுவலர் வரை ஒருவர் சென்றுவர வேண்டியிருக்கும். மலையிலிருந்து வருவோருக்கு அதற்கே ஒரு பகல் போய்விடும் என்பதால்தான் முதல் நாளிலேயே கூறுகிறோம்.

மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான விடை தேவை. கடைசியாக எப்போது உண்டார், சர்க்கரை நோய்க்கோ வலிப்புக்கோ மாத்திரை உட்கொள்கிறாரா, எந்த மருந்தாவது ஒவ்வாமல் போனதா, நாள்தோறும் மது அருந்தும் பழக்கம் உண்டா? இறுதிக் கேள்விக்கு விடை பெறுவதுதான் மிகக் கடினம். வழக்கு பலவீனமாகிவிடும், மானம் போய்விடும் என்று உறவினர் மறைக்கின்றனர். நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் கைநடுக்கம், வியர்வை, மனக்குழப்பம், வலிப்பு ஆகியன தோன்றக்கூடும். சிலருக்கு அது உயிரையே பறிக்கும். முன்கூட்டித் தெரிந்தால் மருந்தினால் தடுக்க முடியும். தெரியாவிட்டால், தலைக்காயம் மோசமாகிறதோ என்று நாங்கள் வேறு வழியில் தேடிக்கொண்டிருப்போம்.

கையில் மோதிரம், காலில் மிஞ்சி, இடுப்பில் அரைஞாண் கயிறு, மணிக்கட்டில் மந்திரித்துக் கட்டிய கயிறு ஆகியவற்றை அகற்றும்போது வருந்தாதீர்கள். காயமுற்ற உறுப்பு வீங்கும். வீங்கிய விரலில் மோதிரம் இறுகினால் இரத்த ஓட்டம் நிற்கும். உலோகத் தாயத்துகள் ஸ்கேன் எடுப்பதற்கும் தடையாகும். நம்பிக்கையை நாங்கள் மறுக்கவில்லை. கழற்றியதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். திருநீறோ தீர்த்தமோ காயத்திலும் வாயிலும் படாமல் இருந்தால் போதும்.

அறுவை சிகிச்சைக்கு முன் ‘ஒன்றும் கொடுக்க வேண்டாம்’ என்று கூறினால், ஒரு வாய்க் காப்பியும் அதில் அடங்கும். மயக்க மருந்து செலுத்தும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் சென்றுவிடலாம். ‘பசிக்கிறது என்றான், மனம் கேட்கவில்லை’ என்று ஒரு தாய் கூறுவது எங்களுக்கும் புரிகிறது. அவ்வாறு கொடுத்துவிட்டால் தயவுசெய்து மறைக்காமல் கூறிவிடுங்கள். அறுவையைச் சில மணி நேரம் தள்ளிவைப்போம், அவ்வளவுதான்.

தலைக்காயத்துக்கோ முதுகுத்தண்டுக் காயத்துக்கோ உயர்சிகிச்சை தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களுக்கு அனுப்ப நேரிடும். கைவிட்டுவிட்டார்கள் என்று அதற்குப் பொருளில்லை. ஸ்கேன் படங்கள், பரிந்துரைக் கடிதம், இரத்த வகை எழுதிய தாள் ஆகிய மூன்றும் நோயாளியுடனேயே செல்ல வேண்டும். பின்னால் வரும் காரில் செல்லும் மைத்துனர் கையில் அவை இருந்தால் பயனில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில்

முதன்முறை உள்ளே நுழைபவர் அதிர்ந்துபோகிறார். முகம் வீங்கி அடையாளம் தெரியாதிருக்கும். வாயில் குழாய், மூக்கில் குழாய், கழுத்தில் பட்டை. வாய்வழியே வென்டிலேட்டர் குழாய் செல்வதால் நோயாளியால் பேச இயலாது; பேச்சுப் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். தூக்க மருந்து செலுத்தியிருப்பதால் கண் திறவாமல் இருக்கலாம்.

மருத்துவர் ‘ஜி.சி.எஸ். எட்டு’ என்பதுபோல ஓர் எண்ணைச் சொல்வார். 1974 இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்னும் மருத்துவர் இருவர் வகுத்த அளவுகோல் அது. கண் திறத்தல், பேசுதல், கைகால் அசைத்தல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டுவர். மிகக் குறைந்தது 3, முழு நினைவு 15. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான தலைக்காயத்தைக் குறிக்கும். ஒரு நாளின் எண்ணைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். அதனை நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே தொடுங்கள். பிறகு பேசுங்கள். ‘நான் அக்கா வந்திருக்கிறேன், நீ கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், இன்று செவ்வாய்க்கிழமை, ஆடு மாடெல்லாம் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார்.’ இத்தகைய எளிய செய்திகள் போதும். விடை வராவிட்டாலும் செவியில் விழக்கூடும். அதே காரணத்தால் கட்டிலருகே நின்று ‘இனி இவன் எழுந்திருக்க மாட்டான்’ என்று அழாதீர்கள். அழுவதற்கு வெளியே இடமுண்டு. அழுவதில் தவறும் இல்லை.

நினைவு திரும்பும் வேளையில் சிலர் கூச்சலிடுவர், குழாயைப் பிடுங்குவர், மனைவியை யாரென்று கேட்பர், இல்லாத பூச்சிகளைச் சுவரில் காண்பர். காயமும் மருந்தும் தூக்கமின்மையும் சேர்ந்து மூளையில் உண்டாக்கும் தற்காலிகக் குழப்பம் இது. காற்று சேட்டையும் அன்று, பைத்தியமும் அன்று. பெரும்பாலோருக்கு நாட்களில் அல்லது வாரங்களில் தெளியும். வாதிடாமல், மெல்லிய குரலில், பழகிய ஒருவர் அருகிலிருப்பதே அப்போது நல்ல மருந்து. வழக்கமாக மூக்குக்கண்ணாடி அணிபவராயின் அதைக் கொண்டுவந்து அணிவியுங்கள்; குழப்பம் குறைய அதுவும் உதவும்.

வார்டுக்கு மாறிய பின்

இனித்தான் உறவினரின் உண்மையான பணி தொடங்குகிறது. அசைய இயலாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். பின்தலை, தோள்பட்டை, முழங்கை, இடுப்பின் அடிப்பகுதி, குதிகால் ஆகியவற்றில் எலும்பு தோலை அழுத்துவதால் இரத்தம் பாயாமல் தோல் சாகிறது. முதலில் ஒரு சிவப்புத் திட்டு தோன்றும். கறுத்த தோலில் அது கருநீலமாகத் தெரியும். விரலால் அழுத்தி எடுத்தபின்னும் நிறம் மாறாமல் இருந்தால் அதுவே படுக்கைப்புண்ணின் தொடக்கம். அன்றே செவிலியரிடம் காட்டினால் அழுத்தத்தை நீக்கி ஆற்றிவிடலாம். ஒரு வாரம் கழித்துக் காட்டினால் எலும்பு வரை குழி விழுந்திருக்கக்கூடும். அது ஆற மாதக்கணக்காகும். கெண்டைக்கால் அடியில் ஒரு தலையணை வைத்துக் குதிகாலைக் காற்றில் நிற்க விடுங்கள். வியர்வையும் சிறுநீரும் பட்ட விரிப்பை உடனே மாற்றுங்கள். ஆனால் முதுகுத்தண்டில் காயம் உள்ளவரைத் தனியாகத் திருப்பவே கூடாது. தலை, முதுகு, இடுப்பு ஆகிய மூன்றும் ஒரே மரக்கட்டைபோல ஒன்றாகத் திரும்ப வேண்டும். அதற்கு மூவர் நால்வர் தேவை. செவிலியரை அழையுங்கள்.

மூக்குக் குழாய்வழியே கஞ்சியோ பாலோ செலுத்தும்போது கட்டிலின் தலைப்புறம் உயர்ந்திருக்க வேண்டும். செலுத்தியபின் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். மருத்துவர் அனுமதிக்கும் வரை வாய்வழியே ஒரு துளி இளநீரும் வேண்டாம். விழுங்கும் திறன் திரும்பாதவருக்கு அது நுரையீரலுக்குச் சென்று நிமோனியாவாக மாறும்.

மாவுக்கட்டு போட்ட கைகாலை உயர்த்தி வையுங்கள். விரல் நுனிகள் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். விரல்கள் வெளிறினாலோ நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ, வலி மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போனாலோ, நள்ளிரவாயினும் எழுப்புங்கள். கட்டுக்குள் அழுத்தம் ஏறினால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். ‘காலையில் டாக்டர் வரட்டும்’ என்று காத்திருந்து காலை இழந்தவர்கள் உண்டு. அரிப்புக்காகக் குச்சியோ பேனாவோ உள்ளே விடவும் கூடாது.

எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமானது. பல நாட்கள் அசையாமல் கிடந்த காலின் இரத்தக் குழாயில் கட்டி உறைந்திருக்கலாம். நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலை அடைத்து, நொடியில் உயிரிழப்பை உண்டாக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தொடாமல் தெரிவியுங்கள். மாறாக, உடற்பயிற்சி மருத்துவர் கற்றுத்தரும் கணுக்கால் அசைவும் மூச்சுப் பயிற்சியும் நாளுக்குப் பலமுறை நடக்கட்டும். அவர் வந்துபோகும் நேரம் குறைவு. மீதி நேரத்தில் நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்.

கம்பியும் தகடும் வைக்க அஞ்சி, ‘எங்கள் ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுபவர் இருக்கிறார்’ என்று கையெழுத்திட்டு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. தோல் கிழியாத, இடம் விலகாத சிறு முறிவுகள் எந்தக் கட்டிலும் தாமாகவே கூடும். அந்த வெற்றிகளே ஊரில் பேசப்படுகின்றன. எலும்பு வெளியே தெரிந்த முறிவையும் தொடை எலும்பு முறிவையும் மூங்கில் பட்டை வைத்து இறுகக் கட்டினால் என்ன ஆகும் என்பதை, அவர்கள் திரும்பி வரும்போது நாங்கள்தான் பார்க்கிறோம். வெளியேற முடிவு செய்யும்முன் காரணத்தை எங்களிடம் கூறுங்கள். அது பெரும்பாலும் பணமாகவோ, வீட்டில் தனித்திருக்கும் குழந்தைகளாகவோ இருக்கிறது. இரண்டுக்கும் வழி தேட இயலும்.

உணவு

‘முட்டை தின்றால் சீழ் பிடிக்கும், தயிர் ஆகாது’ எனும் பத்தியம் பல கட்டில்களைச் சுற்றி நிற்கிறது. காயம் ஆறவும் எலும்பு கூடவும் புரதம் வேண்டும். சீழ் பிடிப்பது கிருமியால், முட்டையால் அன்று. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. பருப்பு, சுண்டல், மீன், தயிர் எல்லாம் நல்லவையே. நம் மாவட்டத்தில் விளையும் மரவள்ளிக் கிழங்கு பசியாற்றும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு, அதை மட்டும் நம்பிப் படுக்கையில் இருப்பவரை வைத்திருக்க இயலாது. மலையில் கிடைக்கும் கேழ்வரகு சிறந்தது: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. சாமைக் கஞ்சியில் பருப்பைச் சேர்த்து வேகவையுங்கள். நெல்லிக்காயும் கொய்யாவும் புண் ஆற உதவும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு மட்டும் கேட்டுக் கொடுங்கள். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். ‘ஒன்றே ஒன்று’ என்று ஒளித்துக் கொண்டுவரும் நண்பரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

கால் திரும்பாது என்று தெரியவரும்போது

முதுகுத்தண்டு முறிந்த சிலருக்கு நடை திரும்புவதில்லை. அச்செய்தியைக் கேட்ட குடும்பத்துக்கு நாங்கள் கூறும் இரண்டு பெயர்கள் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 இல் சாலை விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை நிறுவினார். ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்த 1975 இல், கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981 இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கத்துக்கு, தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சூட்டினார். எல்லோரும் அவர்களைப்போல நிறுவனம் அமைக்க வேண்டியதில்லை. கடை வைப்பதும், பிள்ளைக்குப் பாடம் சொல்வதும், சந்தைக்குச் சென்றுவருவதும் சக்கர நாற்காலியில் இயலும். அதற்கு முதல் நிபந்தனை, இந்த மாதத்தில் முதுகில் புண் வராமல் இருப்பது. அடுத்தது, சிறுநீர்க் குழாயைத் தூய்மையாக வைத்துக்கொள்ள நீங்களும் நோயாளியும் கற்றுக்கொள்வது.

உடனிருப்பவரின் உடலும் மனமும்

மூன்றாம் நாள் இரவுக்குப் பிறகு, உறங்காத உறவினர் மருந்து நேரத்தை மறக்கிறார். ஏழாம் நாளில் அவரே மயங்கி விழுகிறார். இருவர் அல்லது மூவர் முறைவைத்து மாறுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் மருத்துவரிடம் பேசட்டும்; கேட்டதை ஒரு நோட்டில் நாளிட்டு எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் செவிலியரிடம் கேளுங்கள், எழுதித் தருவோம். கண்ணீர் நிற்காமலும் உறக்கம் வராமலும் தவிப்பவர்கள் 14416 என்னும் கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் பேசலாம்; அது உறவினருக்கும் உரியது.

வழக்குத் தாள்களும் இவரது சுமையே. விபத்துப் பதிவேட்டின் நகல், முதல் தகவல் அறிக்கை, மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே பையில் சேருங்கள். மோட்டார் வாகன இழப்பீட்டு மனுவை விபத்து நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் அளிக்கச் சட்டம் கூறுகிறது. மோதிய வண்டி தெரியாமல் தப்பிவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திட்டப்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கோரலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும், கல்வராயன் மலையின் மலையாளி மக்கள் உள்ளிட்ட பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி பெற 1987 ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. ஆகவே கட்டிலருகே வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் தரகரிடம் எதையும் கொடுக்க வேண்டாம்.

வீடு திரும்பும்முன்

டிஸ்சார்ஜ் என்றதும் குடும்பம் மகிழ்கிறது. எங்களுக்கோ அப்போதுதான் கவலை தொடங்குகிறது. வார்டில் தளம் சமமானது, வீட்டில் வாசற்படி உயரமானது. இடுப்பிலோ முழங்காலிலோ அறுவை நடந்தவரால் குந்தி அமர இயலாது. இருக்கையில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை முன்னரே தயார் செய்யுங்கள். வண்டி நிற்குமிடத்திலிருந்து வீடு வரை எவ்வளவு தூரம், யார் தூக்குவார்கள், கட்டு மாற்ற அருகில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம் உள்ளது என்பவற்றை எங்களிடம் கூறுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உடற்பயிற்சி மருத்துவர் வீட்டுக்கே வருவதற்கு வழியுண்டு. உங்கள் குக்கிராமத்தின் பெயரைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துவைக்க வேண்டும்.

காய்ச்சல், கட்டில் நாற்றம் அல்லது கசிவு, மூச்சுத்திணறல், திடீர்த் தலைவலியுடன் வாந்தி, வலிப்பு, விரல்களில் உணர்வின்மை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காத ஊராயின், எந்த மேட்டில் நின்றால் கிடைக்கும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்கட்டும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் உங்களைக் கட்டிலருகே அழைத்து, பக்கம் மாற்றுவதையும் குழாயில் உணவு செலுத்துவதையும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையும் எங்கள் கண்முன் ஒருமுறை செய்துகாட்டச் சொல்வோம். தவறினால் மீண்டும் கற்றுத்தருவோம். மலைக்குச் செல்வோர் காலையிலேயே புறப்படுங்கள். வழியில் ஏதேனும் நேர்ந்தாலும், பகல் வெளிச்சத்தில் திரும்பி வந்துவிடலாம்.